கதவு தொறந்த வூடு

பிப்ரவரி 16, ஞாயிறு

மகளைப் பெண் பார்க்க ஏரியூர்க்காரர்கள் வரவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறோம் என்று வாய் நிறையச் சொன்னவர்கள். வீட்டுக்காரி ரோசம்மா முதல் பூசையிலிருந்து ஓடிவந்து நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். ஷைனி இருக்கிற ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு நாங்களே இலை போட்டுச் சாப்பிட்டோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. சாவு ஏதாவது விழுந்துவிட்டதோ? விழுந்தால் சொல்ல மாட்டார்களா?

பிப்ரவரி 17, திங்கள்

போன் இல்லை. நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 19, புதன்

தரகர் மொரப்பூர் ரயிலடியில் என் பள்ளிக்கூட வேனை மறித்து, ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். வந்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்தே இருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் என் பேரைச் சொல்லி, மரிய ஆனந்த் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தைனிஸ், "யாரு, அந்தக் கதவு தொறந்த வூடுங்களா? நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று வழி சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டதாம். வயசுப்பெண் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு பேரா என்று, டீயைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்கள்.

அவர்கள் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதக் கை கூசுகிறது.

"அய்யோ, அது நாடகத்துல வர்ற கதவுங்க" என்றேன்.

"அத அவங்களுக்கு யாருங்க வெளக்கிச் சொல்றது?" என்றார் தரகர்.

யாருக்குத்தான் விளக்குவது? எங்கள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு வருடா வருடம் போடுகிற மொந்தாரியா நாடகம். மொந்தாரியா எந்த மேப்பிலும் இல்லை, ஷைனி தேடிப் பார்த்துவிட்டாள். யாரோ ஒரு புலவன் கற்பனையில் கட்டிய ராச்சியம். அதற்குக் கிழட்டு ராசா ஒருவர். அவருக்கு மூன்றே பாட்டு, மற்ற நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும், மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்ற வேஷம். அதனால் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கட்டுகிறார். ராசாவுக்குக் கீழே வலக்கைப் பிரபு, இடக்கைப் பிரபு. சிம்மாசனத்தின் வலப்பக்கத்து நாற்காலி யாருக்கு என்று இருவருக்கும் ஓயாத சண்டை. அந்நியன் இரண்டு முறை படையெடுத்து வருகிறான். இரண்டு முறையும் ஆளுக்குப் பாதிப் படையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். மூன்றாம் முறை கோட்டையையே வளைத்துக்கொள்கிறான். அப்போதும் இவர்கள் கிணற்றுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். பிள்ளைகள் தாகத்தில் சாகிறார்கள். ஜனங்கள் ஆற்றுக்காவது போகட்டும் என்று, இரண்டு பக்கமும் சேராத கர்தேலு பிரபு மேற்குக் கதவைத் திறக்கிறார். அந்நியன் உள்ளே வந்துவிடுகிறான்.

கர்தேலு பிரபு எங்கள் வீட்டு வேஷம். பாட்டனுக்கு அப்பா காலத்திலிருந்து. வேஷம் வீட்டுக்கு வீடு பாத்தியதை, அந்தந்த வேஷத்தின் பாட்டும் அந்தந்த வீட்டோடு. வலக்கை மரியசூசை வீடு, இடக்கை தைனிஸ் வீடு. ராச்சியத்தைக் கெடுத்த இரண்டு பேரும் கடைசியில் அரைமணி நேரம் பாடி வீரமாகச் சாகிறார்கள், ஜனம் அழுகிறது. கதவைத் திறந்ததும் எங்கள் தலையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். கிணற்றைப் பூட்டியவனுக்குப் பட்டப்பெயர் இல்லை. எங்களுக்கு மட்டும் கதவு தொறந்த வூடு.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து நாடகக் கூட்டம். நான் எழுந்து, இந்த வருடம் வேஷம் கட்ட மாட்டேன் என்றேன். இனி எந்த வருடமும் கட்ட மாட்டேன்.

கமிட்டித் தலைவர் மரியசூசை என்னைவிடப் பெரியவர், நிதானமாகத்தான் பேசினார். "ஆனந்து, வேசம் கட்ட மாட்டேன்னா அப்பறம் கதவ யாருப்பா தொறக்கறது?"

"என்னைக் கேட்டா? பூட்டுப் போட்டவங்க தொறந்து வுடட்டும்."

தைனிஸ் சிரித்தான். "பொண்ணு பாக்க வந்தவங்க திரும்பிட்டாங்கன்னு நாடகத்து மேல கோவம்" என்றான். சொன்னதே அவன். டீக்கடையில் உட்கார்ந்து சொன்ன அதே வாய். நான் பாய்ந்திருப்பேன், பங்குச் சாமியார் இருந்தார்.

மார்ச் 2, ஞாயிறு

வேறு எந்த வீடும் கர்தேலுவைக் கட்ட முன்வரவில்லை. யார்தான் வருவார்கள்? கதவு காற்றில் திறந்துகொண்டதாக வைத்துக்கொள்ளலாமே என்றார் பங்குச் சாமியார். புதிதாக வந்தவர், பாவம். காற்றின் தலையில் மண் தூற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு மரியசூசை ஒரு யோசனை சொன்னார். இடக்கைப் பிரபுவே கதவைத் திறப்பதாக மாற்றிவிடலாமாம். தைனிஸ் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். "ஏன், வலக்கைப் பிரபு தொறந்தா கை அழுகிப் போயிருமா?"

அவ்வளவுதான். தேர்வடத்தில் முதல் கை யார் வைப்பது என்பதிலிருந்து பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதக்கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தது. கதவைத் திறப்பது என்றால் என்னவென்று இப்போதாவது தெரியட்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

வரிசையில் எனக்கு முன்னால் தைனிஸ், பின்னால் மரியசூசை. மூன்று நெற்றிக்கும் ஒரே கிண்ணத்துச் சாம்பல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒத்திகை இரண்டாகிவிட்டது. மரியசூசை ஆட்கள் கோயில் மைதானத்தில், தைனிஸ் ஆட்கள் அவன் களத்தில். மைதானத்தில் இடக்கைப் பிரபு இல்லை, களத்தில் வலக்கைப் பிரபு இல்லை. இல்லாத ஆளைத் திட்டிப் பாடுகிறார்கள். ராசா வேஷக்காரர் உபதேசியார் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

மார்ச் 23, ஞாயிறு

ஷைனி தருமபுரி லேபிலிருந்து லீவில் வந்திருந்தாள். சாப்பிடும்போது, "இதெல்லாம் எனக்காகவாப்பா செய்யறீங்க?" என்று கேட்டாள்.

"பின்ன யாருக்காக?"

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? டீக்கடைல கேட்டத வெச்சுத் திரும்பிப் போறவங்க வூட்டுக்கு நான் போயி என்னாத்துக்கு? போனது நல்லதுன்னுதான் நான் நெனச்சேன். எனக்கு அந்தப் பேரு ஒண்ணும் வலிக்கல. ஸ்கூல்ல கூப்புடுவாங்க, நானும் ஆமான்னுட்டுப் போயிருவேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவளுக்கு வலிக்கவில்லையாம். அப்படியானால் வலித்தது யாருக்கு? இத்தனை வருடம் மண்ணை வாங்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் தலையைக் கழுவும்போதெல்லாம் எனக்கு வலித்ததா? யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பாட்டைப் பாடி முடிக்கும்போது கூட்டம் மூச்சுவிடாமல் இருக்குமே, அது மட்டும்தான் ஞாபகம் வருகிறது. சனியன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைதானத்தில் அடிதடி. தைனிஸ் ஆட்கள் கிரீடப் பெட்டியைக் கேட்டு வந்தார்கள், மரியசூசை ஆட்கள் தரமாட்டேன் என்றார்கள். நாடகத்துக் கத்தியையே எடுத்து வீசியிருக்கிறார்கள். மரக்கத்திதான், ஆனாலும் மண்டை மண்டைதானே. தைனிஸின் மைத்துனனுக்குத் தையல். போலீஸ் வந்தது. ஊரார் யாரும் வேஷம் கட்டக்கூடாது, கட்டினால் திருவிழாவுக்கே அனுமதி இல்லை என்றுவிட்டார்கள்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நாடகம் வேணுமா, வேணாமா?" வேண்டும் என்றார்கள். அப்படியானால் சேலம் பக்கம் ஒரு நாடக செட் இருக்கிறது, அவர்களே ஆடட்டும் என்றார்.

கை தூக்கச் சொன்னதும் மரியசூசை தூக்கினார். தைனிஸும் தூக்கினான். இருவரும் ஒரே விஷயத்துக்குக் கை தூக்கி என் ஆயுசில் பார்த்ததில்லை. எதிராளி ஆடாமல் இருந்தால் போதும், எவன் ஆடினால் என்ன. நான் கை தூக்கவில்லை. தூக்காமல் இருந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

உயிர்த்தார். நாங்கள் அப்படியேதான் இருக்கிறோம்.

மே 8, வியாழன்

அந்த சேலத்து செட்டில் கர்தேலு வேஷம் கட்டுகிறவர் வீடு தேடி வந்தார். பூவரசன் என்று பெயர், முப்பது வயதிருக்கும், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, மத்த பாட்டெல்லாம் எப்பிடியோ சேத்துட்டோம். கதவு தொறக்கற பாட்டு மட்டும் உங்க வூட்டுலதான் இருக்குதுன்னாங்க. நீங்க சொன்னீங்கன்னா நான் போன்ல புடிச்சுக்குவேன்."

"அது இரவல் குடுக்கற சாமான் இல்ல" என்றேன். காபி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். ரோசம்மா காபிக்கு வைத்த பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

மே 9, வெள்ளி

மைதானத்தில் அவர்கள் ஒத்திகை. மைக் வைத்துவிட்டார்கள், வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் கேட்கிறது. பாட்டு கிடைக்காததால் பூவரசன் ஏதோ சினிமா மெட்டில் தானே கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். கதவே, கதவே, திறந்துவிடு கதவே என்று. தாகத்தில் செத்த பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. கர்தேலு ஏன் திறக்கிறார் என்றே தெரியாது. சும்மா திமிரெடுத்துத் திறக்கிற மாதிரி இருந்தது.

பொறுத்துப் பார்த்தேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அவரை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பாடினேன்.

தண்ணி கேட்டழுத பிள்ளை தாய்மடியில் சாய்ந்ததையோ
கண்ணிருந்தும் காணாத கோட்டைக்குக் கதவெதற்கோ

முழுவதும் பாடினேன். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எங்கே தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். முடிந்ததும் என் காலைத் தொட வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

நேற்று சாயங்காலம் நாடகம். எங்கள் வீட்டு ஆண்கள் எவரும் மேடையின் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. நான் பார்த்தேன். மொந்தாரியா கோட்டை நன்றாக இருந்தது, லைட்டெல்லாம் போட்டு. மரியசூசை முதல் வரிசையில் ஒரு ஓரம், தைனிஸ் மறு ஓரம். தங்கள் வேஷங்களை எவனோ ஆடுவதை இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ரோஷம் இல்லை. ரசிக்கிறார்கள்.

கதவுக் கட்டம் வருவதற்கு முன் மைக்கில் அறிவிப்பு: "அன்பான தாய்மார்களே, தயவுசெய்து யாரும் மண் தூற்ற வேண்டாம், உடைகள் எல்லாம் வாடகை." ஜனம் சிரித்தது.

பூவரசன் பாடினார். நான் சொன்ன இடத்தில் மூச்சை நிறுத்தினார். பெண்கள் அழுதார்கள். கதவு திறந்ததும் கை தட்டினார்கள். கர்தேலு பிரபுவுக்குக் கைதட்டல். பின்னால் கித்தேரியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "இத்தன வருசமா பாக்கறேன், இப்பத்தான் அந்தாளு எதுக்குத் தொறந்தாருன்னே எனக்கு வெளங்குச்சு. ஆனந்து வூட்டுக்காரங்களுக்கு இப்பிடிப் பாட வராது."

என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. எப்போது அள்ளினேன் என்று தெரியவில்லை. கீழே போட்டுவிட்டு வந்தேன்.

மே 18, ஞாயிறு

அடுத்த வருடமும் அதே செட் என்று கூட்டத்தில் முடிவானது. ஊரில் ஆளுக்கு ஆள் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள். பூவரசன் பாட்டு என்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அரூரிலிருந்து ஒரு சம்பந்தம். ஷைனிக்கு அந்தப் பையனைத் தெரியும், தருமபுரியில் பார்த்திருக்கிறாளாம், பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை டீக்கடையில் வழி கேட்டவர்களுக்கு, "வேன்காரரு வூடுங்களா? வாங்க" என்று தைனிஸே எழுந்து வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. மறந்தே போய்விட்டான்.

பையனுடைய அப்பா நல்ல மாதிரி, கலகலப்பாகப் பேசினார். "உங்க ஊரு நாடகம் பிரமாதமாமே. எங்க சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு அந்தக் கதவு தொறக்கற பாட்டையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீங்கல்லாம் வேசம் கட்டுவீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "எங்க வூட்டுல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லீங்க."

காபித் தட்டோடு வந்த ஷைனி நின்று என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை அவர்கள் பக்கம் நீட்டினாள். ஆகஸ்டில் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது என்று பேசி முடித்தோம்.