பால்கோவா பெட்டியில் போன கப்பல்கள்

இராஜபாளையம்
10-10-1994

அன்பு மகன் ஹுமாயூனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் சௌதாவும் பேரனும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். மற்ற சேதியெல்லாம் பிறகு. முதலில் இந்தக் கடிதத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போய், உன் மேசைமேல் வரிசை கட்டி நிற்கிற அந்தச் சின்னக் கப்பல்களை எல்லாம் அள்ளி அலமாரியின் உச்சித் தட்டில், பேரன் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வா. தரையில் ஏதாவது உருண்டு கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியிலும் பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அதற்கப்புறம் உட்கார்ந்து படி, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய போட்டோவை உன் அம்மா ஷோகேஸ் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். பேரன் தவழ்கிறான், மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று பெருமையாக எழுதியிருந்தாய், நாங்களும் வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினோம். அந்த மேசைமேல் அவன் மூக்குக்கு நேராக உன் கப்பல்கள் நிற்பதை வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன், அதிலிருந்து அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது. நேற்று பஜாரில் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் உன் நம்பரைப் போடச் சொன்னேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஞாயித்துக்கெழமைல்லா, எங்கயாவது சுத்திப் பாக்கப் போயிருப்பாக என்று பூத்துக்காரர் ராக்கப்பன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே தோன்றியது. இன்றும் போய்ப் பார்ப்பேன். போன் கிடைத்தாலும் இந்தக் கடிதம் வரட்டும், உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததில் பாதி எனக்கு மறந்துபோகும்.

நடந்தது இதுதான். உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறேன், ஊரில் விசாரணைக்கு ஆள் வருவார்கள், நல்லபடியாகப் பேசி அனுப்புங்கள், அந்த ரிப்போர்ட் சரியாக வராவிட்டால் வேலையே போய்விடும் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஆள் புதன்கிழமை காலையில் வந்தார். சோலைச்சாமி என்று பெயர், ஏட்டு. நம் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே, பள்ளிவாசலை இடித்த கலவரத்துக்கப்புறம் இரண்டு வருடமாக நம்மவர் வீட்டு வாசலில் காக்கிச் சட்டை நின்றாலே ஜன்னலுக்கு ஜன்னல் தலை தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் என்னவோ சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் எந்த ஊரில் படித்தான், அங்கே என்ன வேலை, எப்போது கடைசியாக வந்தான் என்றெல்லாம் கேட்டுவிட்டு டீ குடித்தபடி தன் வீட்டுக் கதையையும் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, மகள் வந்திருக்கிறாள், பேத்திக்கு எட்டு மாதம், தவழுது பாய், கையில கெடைச்சது அம்புட்டும் வாய்க்குத்தான் போவுது என்று சிரித்தார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி நமக்குப் பழக்கமா. முதல் நாள்தான் உன் மாமா பீர் மைதீன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா கொண்டுவந்திருந்தார். பீரோ மேல இருக்க பெட்டிய எடுத்து பேத்திக்குன்னு குடுத்துவிடுங்க என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கே பால்கோவாவா என்று அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். நான்தான் விடாமல் கையில் திணித்து அனுப்பினேன்.

பீரோ மேல் இரண்டு பெட்டி இருந்தது. இரண்டும் ஒரே கடை அட்டைப்பெட்டி, ஒரே மாதிரிச் சணல் கட்டு. ஒன்றில் பால்கோவா. இன்னொன்றில், போன வருடம் லீவில் வந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து அரத்தால் பிசிறு தேய்த்து, இறக்கை ஒட்டி, வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பெயிண்ட் அடித்தாயே, பிளேனில் எடை தாங்காது அத்தா என்று விட்டுப் போனாயே, அந்தக் கப்பல்கள். பெயிண்ட் உரியாமல் இருக்க நம் கடையில் விற்கிற ஆஸ்பத்திரிப் பஞ்சைப் பிய்த்து ஒவ்வொன்றுக்கும் கூடு மாதிரி நீயே செய்து வைத்த பெட்டி. கனமும் ஒரு கிலோ பால்கோவா கனம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று உன் அம்மா மற்றப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பால்கோவா. அப்ப அவியளுக்கு எதைக் குடுத்தீக என்று கேட்டாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பீரோ மேல் பார்த்தேன், வேறு பெட்டி இல்லை.

நீ நினைத்துப் பார். கூர் மூக்கு, பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி, அடியில் பூராவும் நம்பர். வெளிநாட்டில் இருக்கிற பையனைப் பற்றி, அதுவும் நம்மவர் வீட்டுப் பையனைப் பற்றி, விசாரிக்க வந்த போலீஸ்காரர் கையில் இனிப்பு என்று சொல்லி நானே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இது ஆகாயத்தில் போகிற கப்பல் சார், நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாயம் மாதிரி உருட்டி விளையாடுகிற ஆட்டம் சார் என்று சொன்னால் யார் நம்புவார். நீ சொன்னபோது நானே நம்பவில்லையே, முப்பது வயதுக்காரன் இதை எதற்கு விளையாடுகிறான் என்றுதானே கேட்டேன். வியாழக்கிழமை ராத்திரி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. அந்த ஆட்டத்துக்காக அறுகோணக் கட்டம் போட்ட உன் பெரிய தாள் சுருட்டுகள் மாடி அறையில் இருந்தனவே, அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் தானாக வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், நாமாகப் போய் வாயைக் கொடுக்க வேண்டாம், உன் பாஸ்போர்ட் முதலில் வந்து சேரட்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைக்கிறேன், உன் அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு, அதைத் தொட்டா கை கழுவணும்னு ஹுமாயூன் ஏன் சொன்னான் என்று கேட்டாள். காரீயம், அதனால்தான் என்றேன். காரீயம் வயிற்றுக்குள் போனால் விஷம், குழந்தைகள் இருக்கிற இடத்தில் வைக்காதீர்கள் என்று நீ பெட்டியைக் கட்டும்போது சொன்னது வார்த்தை மாறாமல் அப்போதுதான் நினைவு வந்தது. அந்த எட்டு மாதக் குழந்தையும் நினைவு வந்தது. உன் அம்மா எழுந்து நின்றுகொண்டு, சட்டைக்குப் பயந்து அந்தப் புள்ளையச் சாக விட்டுருவீகளோ, நீங்க வாரீகளா இல்ல நான் மட்டும் போகட்டுமா என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அப்போதும் நான் உடனே எழுந்துவிடவில்லை. போனால் உன் பிழைப்பு, போகாவிட்டால் அந்தக் குழந்தை என்று மனதுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். ஷோகேஸ் பக்கம் கண் போனது. போட்டோவில் பேரன் நின்றுகொண்டிருந்தான்.

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், அவர் மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பந்தோபஸ்து, அங்கேதான் பார்க்கமுடியும் என்றார்கள். வீட்டு விலாசம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதை இப்போது நினைத்தாலும் என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மலைப் பெருமாளுக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது, கோவிந்தா கோவிந்தா என்று அலையாக ஏறுகிறார்கள், அதற்கு நடுவில் தொப்பியோடு நானும் முக்காடு போட்ட உன் அம்மாவும். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, ஒருவர் வழிவிட்டு மோர்கூடக் கொடுத்தார். படிக்கட்டு அடியில் விசில் ஊதிக்கொண்டிருந்தார் சோலைச்சாமி. என்ன பாய், நீங்க எங்க இங்க என்றார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். உன் அம்மாதான் முன்னால் வந்து, அய்யா, பெட்டி மாறிப்போச்சு, அதுல இருக்கது காரீயம், உங்க பேத்தி வாயில வச்சிரப்போவுது என்று சொன்னாள். பொட்டிய நான் தொறக்கவே இல்லயே, வெள்ளத்தாய்ட்ட குடுத்துட்டுல்லா வந்தேன் என்றார். வெள்ளத்தாய் அவர் சம்சாரம். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் பயமெல்லாம் வேறு பயமாக மாறிவிட்டது. அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார், ஊருக்குள் போகிற ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டார். போலீஸ் ஜீப்பில் ஏறி உட்கார்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் கொலு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து அந்த அம்மாள் முதல்முதலாக இந்த வருடம்தான் படி கட்டியிருக்கிறாள், மூன்று படி, வைக்கப் போதுமான பொம்மை இல்லாமல் தவித்திருக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் பாய் வீட்டிலிருந்து கொலுவுக்குப் பொம்மை வந்திருக்கிறது என்றே நினைத்துவிட்டாள். உன் கப்பல்கள் எல்லாம் நீ பொருத்திய கண்ணாடி மாதிரியான தாங்குகாலில் நடுப்படியில் அணிவகுத்து நிற்கின்றன, ஒவ்வொன்றின் மூக்கிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள். எம்புட்டு நுணுக்கமாச் செஞ்சிருக்காக, தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு என்று அவள் எங்களிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோலைச்சாமி, ஏட்டி, புள்ள எங்க என்று கத்தினார். குழந்தை கீழ்ப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. வாயோரம் எச்சில் வடிய எதையோ சப்பிக்கொண்டிருந்தது. உன் அம்மா யாரையும் கேட்கவில்லை, ஒரே எட்டில் போய் மடியில் சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். நகத்தளவுக் கப்பல். ஒற்றை முடிப் பிரஷ்ஷால் ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் புள்ளி வைத்தாயே, அந்தச் சின்னதுகளில் ஒன்று. மூக்கில் பெயிண்ட் போய் வெறும் காரீயம் தெரிந்தது.

அதே ஜீப்பில் டாக்டரிடம் ஓடினோம். விழுங்கவில்லை, அதுவரை நல்லது, வாந்தியோ வயிற்றுவலியோ சோர்வோ வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள், எதற்கும் இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். இன்றுவரை குழந்தை நன்றாக விளையாடுகிறது, இரத்த முடிவு இன்னும் வரவில்லை. உன் அம்மா நேற்றும் இன்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நவராத்திரி முடியாமல் படியில் இருந்து எதையும் எடுக்கக் கூடாதாம், ஆனாலும் அந்த அம்மாள் தன் கையாலேயே எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் படியைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உன்னுடைய பழைய சாவி கொடுக்கிற ரயிலும் தகரக் காரும் பெட்டியில் கிடந்தனவே, துரு இல்லாமல் துடைத்து உன் அம்மா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம் என்று நினைக்காதே.

நேற்று சாயங்காலம் சோலைச்சாமி சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். ரிப்போர்ட்ட புதன்கெழமையே நல்லபடியா எழுதி அனுப்பிட்டேன் பாய் என்றார். பிறகு, உங்க வீட்டம்மா எல்லாஞ் சொன்னாக, வியாழக்கெழமையே தெரிஞ்சிருந்தும் ஏன் வரல என்று கேட்டார். உங்க சட்டைக்குப் பயந்துதான் என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். மொதல்ல நான் தொறந்து பாத்திருந்தா நானும் பயந்துதான் இருப்பேன், என்ன எழுதியிருப்பேனோ தெரியாது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். இரண்டு பேரும் டீயைக் குடித்தோம். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது ஹுமாயூன், அந்த இரண்டு நாளை யார் திருப்பிக் கொடுப்பார்.

டாக்டரிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். கப்பலை வாயில் வைத்தால்தான் என்று இல்லையாம், அரத்தால் தேய்க்கிற தூள் தரையில் விழுந்து, தவழ்கிற பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போனாலே போதுமாம். ஆகவே சாப்பிடுகிற மேசையில் வைத்துத் தேய்க்காதே. தேய்த்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடை. பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்குகிற வழக்கத்தை இன்றோடு விடு, போன வருடமே எனக்கு அது பிடிக்கவில்லை, சொன்னால் சிரிப்பாய் என்று இருந்துவிட்டேன். விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்நிய ஊரில் உனக்கு நாலு சிநேகிதர்களைத் தேடிக் கொடுத்த விளையாட்டு அது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வாங்கிப் பூட்டு, சாவி சௌதாவிடம் இருக்கட்டும். பேரனை அங்கே டாக்டரிடம் ஒருமுறை காட்டி இரத்தம் பார். இங்கே உள்ள கப்பல்களை இரும்புப் பெட்டியில் பூட்டி, மேலே கொட்டை எழுத்தில் காரீயம் என்று பெயிண்டால் எழுதி வைத்துவிட்டேன். குங்குமத்தைத் துடைக்கவில்லை.

படைத்தவன் உங்கள் மூவரையும் தன் பார்வையிலேயே வைத்திருப்பானாக. சௌதாவுக்கு எங்கள் சலாம், பேரனுக்கு ஆயிரம் முத்தம். கடிதம் கண்டதும் பேரன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி தந்தி அடி. இன்னும் ஒன்று, உன்னைப் பெற்றவன் நான், எனக்குத் தெரியும், அத்தாவுக்கு எப்போதும் பதற்றம்தான், முதலில் முழுக்கப் படித்துவிடுவோம் என்று இந்த வரி வரைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து படித்திருப்பாய். இப்போது எழுந்திரு.

உன் அத்தா,
சாகுல் ஹமீது