பின்னறையில் அறுபது பை சீமெந்து

1991 ஜனவரி 8, செவ்வாய்

சவர்க்காரம் முடிந்தது. மெழுகுதிரி இருபது இருக்கிறது. சண்டையில் பாதை பூட்டியபின் அச்சுவேலிச் சந்தையில் மிச்சமாய்க் கிடப்பது வெங்காயமும் விசுவாசமும்தான்.

எங்கள் வருட வசனத்துக்கு மனைவி ஐரிஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் என் தலைக்கு மேலே மாட்டிவிட்டாள். உன் களஞ்சியம் நிரம்பும் என்று வாக்களிக்கும் வசனம். வருகிறவர்கள் வாசித்துவிட்டு, "முதலாளிக்கெண்டே வந்த வசனம்" என்கிறார்கள். வராமல் என்ன? நானே தெரிந்து எடுத்ததல்லவா.

இந்தக் கொப்பியிலும் பொய் எழுதி என்ன லாபம். புதுவருட ஆராதனையில் வசனக் கூடை வரும். குடும்பத்துக்கு ஓர் அட்டை. பார்க்காமல் எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருடம் ஆண்டவர் நமக்குச் சொல்வது. அதன்படி நடக்க வேண்டும். நான் முதலில் எடுத்த அட்டை, ஏழைச் சகோதரனுக்கு முன்னால் கையை மூடாதே என்றது. பாதை பூட்டுவதற்கு ஒரு மாதம் முன் வாங்கிய சீமெந்து அறுபது பை என் பின்னறையில் கிடக்கிறது. ஒரு பைக்கு ஊர் அலைகிற காலம் இது. கையை மூடாமல் எப்படி? அட்டையை விரலால் திரும்பக் கூடைக்குள் தள்ளிவிட்டு வேறொன்று எடுத்தேன்.

சீமெந்து கிடப்பது எனக்கும் ஐரிசுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். மூவரும் இதுவரை வாய் திறக்கவில்லை.

பெப்ரவரி 17, ஞாயிறு

தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொன்மலர் ரீச்சரைக் கோயில் வாசலில் கண்டேன். மகள் அற்புதராணியும் இரண்டு சட்டியும்தான் அவருடைய சொத்து. மிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில், மற்ற நூற்றிச் சொச்சம் பேரோடு இருக்கிறார். மரியாதைக்கு, "ரீச்சருக்கு இந்த வருசம் என்ன வசனம்?" என்று கேட்டுவைத்தேன்.

"கையை மூடாதே எண்டு வந்தது அண்ணை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. மூடுறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு? எண்டாலும் வந்ததை மீறேலாதெல்லோ."

நிவாரணத்தில் கிடைத்த பால்மாப் பெட்டியை மூன்று குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்தாராம்.

எனக்கு வந்த கட்டளைக்கு அந்த மனுசி கீழ்ப்படிகிறா. வியாபாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. எழுத விருப்பமில்லை.

மார்ச் 24, ஞாயிறு

போதகர் ஐயா தேவசித்தத்தைப் பற்றி ஐம்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். பிறகு சாட்சி சொல்லும் நேரம். சபைச் செயலாளர் டானியல் எழும்பி, மூன்று கிழமை உபவாசமிருந்து ஜெபித்ததில், தன் மூத்தவன் கனடாவுக்குப் போவதே தேவசித்தம் என்று தெளிவானதாகச் சொன்னார். ஆமென் என்றார்கள். கவனித்துப் பார்த்துவிட்டேன்: ஆண்டவர் இந்தச் சபையில் ஒருவரைக்கூட மூதூருக்கோ முல்லைத்தீவுக்கோ அழைப்பதில்லை. குளிர் நாடுகளில்தான் அவருக்கு ஊழியக்காரர் பற்றாக்குறை போலும்.

நான் மட்டும் என்ன திறம்? டானியல் கனடாவுக்குச் சித்தம் கேட்டார். நான் சீமெந்துக்குக் கேட்கிறேன். இரண்டு பேருக்கும் பதில் முதலே தெரியும்.

மே 12, ஞாயிறு

சபைக் கமிட்டி கூடியது. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக் குழிகள் வெறும் மண் குழிகள்; கரை இடிந்துகொண்டிருக்கிறது. கிணறு பக்கத்திலேயே, அதற்கும் கட்டு இல்லை. மேசன் இராசநாயகத்தைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சைவக்காரர், எங்கள் ஜெபத்துக்கெல்லாம் தலை குனிகிறவர் அல்ல.

"மாரி மழை துவங்கினா குழித்தண்ணி கிணத்துக்கை போகும். பிறகு வாந்தியும் பேதியும்தான். கல்லு கிடக்கு, மணல் கிடக்கு, நான் சும்மா கட்டித்தாறன். பதினெட்டுப் பை சீமெந்துதான் இல்லை."

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். போதகர் ஜெபிக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு வசனமாய் ஜெபித்தோம். ஆக நீளமான ஜெபம் என்னுடையது. "ஆண்டவரே, ஒரு வழியைத் திறந்தருளும்" என்று உருகினேன். முழங்காலில் நின்றபோது பின்னறைப் பூட்டின் திறப்பு சட்டைப்பைக்குள் கிடந்து நெஞ்சில் குத்தியது.

யூலை 3, புதன்

இன்றைக்கும் தேவசித்தம் தெரியவில்லை. சீமெந்து விலை தெரிந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐரிஸ் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே கேட்டாள்: "உந்தச் சீமெந்தை என்ன செய்யப் போறியள்?"

ஆண்டவருடைய சித்தம் என்னவென்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"அவர் தை மாதமே சொல்லிப்போட்டார். நீங்கள்தான் திருப்பிக் கூடைக்குள்ளை போட்டனீங்கள்."

பார்த்திருக்கிறாள்! எட்டு மாதம் ஒன்றும் சொல்லவில்லை; சட்டம் போட்டு என் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள். இவள் எனக்குப் போட்டியாய்க் கடை நடத்தியிருந்தால் நான் இன்னும் சைக்கிளில் வெங்காயம் கட்டி விற்றுக்கொண்டிருப்பேன்.

"கடைக்கு வாற சனம் வெங்காயத்தைக் கிளறித் தெரிஞ்செடுத்தா, கையிலை தட்டி 'கிடக்கிறபடி அள்ளு' எண்டுறியள். ஆண்டவற்றை கூடையை மட்டும் கிளறலாமோ?"

மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றேன். அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

ஒன்று எழுதவேண்டும். சீமெந்துப் பைகளை மாதம் ஒருமுறை புரட்டி அடுக்க வேண்டும். கடைக்காரனுக்கு இது ஏடு தொடக்கும்போதே தெரியும். நான் ஒருமுறையும் புரட்டவில்லை. கதவைத் திறந்தால் யாராவது கண்டுவிடுவார்கள்.

ஒக்ரோபர் 11, வெள்ளி

மூன்று நாளாய் மழை. முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு என் தவணை தெரியாது.

ஒக்ரோபர் 14, திங்கள்

அற்புதராணிக்கு வயிற்றோட்டம். எட்டு வயதுப் பிள்ளை. பொன்மலர் ரீச்சர் யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடை வாசலில் நின்றார். தண்ணீர் கேட்டார். பிள்ளையின் கண் உள்ளே போய்க் கிடந்தது. "பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி அண்ணை. கொதிக்கவைக்க விறகில்லை," என்றார், ஏதோ தன்னுடைய பிழை போல.

அவர் குடித்துவிட்டுப் போனதும் பின்னறையைத் திறந்தேன். மேல் வரிசைப் பையை அமத்தினேன், விரல் பதிந்தது. இரண்டாவது வரிசையிலும் கொஞ்சம் பதிந்தது. அதற்குக் கீழே, ஈரத்தில் இறுகி — கல். சுவரோரம் கல். உதைத்துப் பார்த்தேன், பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம். அறுபதில் பதினான்குதான் சீமெந்து. நாற்பத்தாறு கருங்கல்.

களஞ்சியம் நிரம்பியிருக்கிறது. வசனம் பொய்க்கவில்லை.

அப்படியே ஒரு கல்லின்மேல் இருந்தேன். ஜெபிக்கவில்லை. எதைக் கேட்பது? என்ன செய்யவேண்டுமென்று தெரியாத நாள் இந்த வருடத்தில் ஒன்றுகூட இருக்கவில்லையே.

ஒக்ரோபர் 15, செவ்வாய்

மூளை இன்னும் வியாபாரம்தான் செய்கிறது. அதன் இன்றைய யோசனை: விடிய முன் பதினான்கு பையையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. போதகர் அதை அற்புதம் என்று பிரசங்கிப்பார். நான் முன் வரிசை வாங்கில் இருந்து அல்லேலூயா சொல்லலாம்.

ஐரிசிடம் சொன்னேன். "நல்லது. ஆண்டவருக்குப் பேர், உங்களுக்குத் தோல் தப்பும்," என்றாள். பிறகு: "பத்து மணிக்குச் சந்தையாலை கொண்டுபோங்கோ."

"நீர் என்னை நாறடிக்கப் பாக்கிறீர்."

"நாறுறதுதானே இப்ப அங்கை பிரச்சினை."

ஒக்ரோபர் 16, புதன்

பத்து மணிக்கு, சந்தையூடாக, திறந்த மாட்டுவண்டிலில். நான் முன்னால் நடந்தேன். வெங்காயக்காரிகள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "கலியாணமோ முதலாளி?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் இராசநாயகம் பைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, ஆண்டவர் வழியைத் திறந்திட்டார் போலை," என்றார்.

"இல்லை. திறப்பு என்னட்டைத்தான் இருந்தது. போன வருசத்திலை இருந்து."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

டானியல் ஓடிவந்தார். "கிருபைரட்ணம், மே மாசம் என்ரை பக்கத்திலை முழங்காலிலை நிண்டு அழுதனீர். சீமெந்தை வீட்டிலை வைச்சுக்கொண்டோ? வேசக்காரப் பரிசேயன்." நூறு பேருக்கு முன்னால். நானும் விடவில்லை: "நீர் மகனைக் கனடாவுக்கு அனுப்ப ஆண்டவற்றை கையெழுத்தைக் கள்ளமாய்ப் போட்டனீர்." அவர் இனி என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றார். நானும் அவருடைய கேற்றைத் தாண்டமாட்டேன் என்றேன். நல்ல நாளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் கெடுப்பதில் எனக்கு நிகர் நானே.

நவம்பர் 9, சனி

நான்கு பை குறைவு. இராசநாயகம் பைகளுக்குள் கிடந்த கட்டிகளை இடித்து அரித்து, கிணத்துக் கட்டை ஒரு வரிசைக் கல் தணித்து, ஒப்பேற்றிவிட்டார். நானும் பத்து நாள் மண் சுமந்தேன். அற்புதராணி சுகமாகி வந்துவிட்டாள். காலிரண்டும் ஈர்க்கு மாதிரி. புதுக் கட்டின் ஈரச் சீமெந்தில் விரலால் பூப் போட்டிருக்கிறாள். இராசநாயகம் ஏசிவிட்டு, அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்.

அவரே நாற்பத்தாறு கல்லையும் கேட்டார். பள்ளிக்கூடப் பங்கர் வாசலைச் சுற்றி அடுக்கியாயிற்று. கடதாசி கிழிந்து போனாலும் பையின் வடிவம் போகவில்லை. தலையணை தலையணையாய்க் கிடக்கிறது. பிள்ளைகள் அதற்கு "கிருபை மாமாவின்ரை மெத்தை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிற வழி. ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துத்தான் போகவேண்டும். குண்டுச் சிதறலுக்கு இதைவிடத் திறமான காப்பு இல்லை என்கிறார் மேசன். ஆண்டவர் பழுதான சரக்கையும் கழித்துவிடுகிறார். என்னைவிட நல்ல வியாபாரி.

1992 ஜனவரி 1, புதன்

விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் ஆராதனை காலையில். கூடை வந்தது. ஐரிஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கிடந்ததை எடுத்தேன்.

உன்மேல் குறையுள்ள சகோதரன் இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறது. இரண்டு வாங்குக்கு முன்னால் டானியலின் வழுக்கை மினுங்கிக்கொண்டிருந்தது. கூடை இன்னும் என் மடியில்தான். உள்ளே நல்ல நல்ல அட்டைகள்.

கூடையைப் பக்கத்தில் இருந்த பொன்மலர் ரீச்சரிடம் கொடுத்தேன்.

இப்போது மதியம் இரண்டு மணி. டானியலின் வீட்டு நாய் கடிக்கும் என்று ஐரிஸ் ஞாபகப்படுத்தினாள். தெரியும் என்றேன். சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறாள்.