பாப்பாவான மாமா

12 ஆகஸ்ட் 1972, சனிக்கிழமை

தூக்கம் வரவில்லை. சிரிப்பு அடங்கினால்தானே!

காது கேளாத பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மயிலாப்பூரில் நடக்கும் வகுப்புக்கு இன்று அண்ணனும் எங்களோடு வந்தார். பாண்டி பஜார் ஜவுளிக்கடையை விட்டுவிட்டு வந்தவர், பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். "காது கேக்காத பிள்ளைகிட்ட நாள் முழுக்கப் பேசுறியே, உன் தொண்டைதான் வத்துது." எனக்குச் சுருக்கென்றது.

வகுப்பில் டீச்சர் அண்ணனைக் காட்டி, "யாரு?" என்று செல்வியிடம் கேட்டார். நாலு வயதாகியும் ஒரு சொல் பேசாத என் மகள் அவருடைய பெரிய மீசையையே பார்த்தாள். பிறகு கரகரவென்று, "பாப்பா!" என்றாள்.

எல்லா அம்மாக்களும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

"மாமாவுக்கும் பாப்பாவுக்கும் உதடு ஒரே மாதிரிதாம்மா அசையும். நீங்க வீட்டுல மாமான்னு சொன்னதை அவ சரியாத்தான் பாத்திருக்கா" என்றார் டீச்சர். 'மா' சொன்னால் மூக்கு அதிருமாம். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பழக வேண்டுமாம்.

அண்ணன் உடனே தரையில் சம்மணம் போட்டு மூக்கை நீட்டினார். செல்வி பிடித்துக்கொண்டாள். "மாமா, மாமா" என்று திரும்பும் பஸ்ஸிலும் அதே பாடம். கண்டக்டர் டிக்கெட் கேட்டது அவர் காதில் விழவே இல்லை.

வாசலில் விடைபெறும்போது செல்வி மறுபடியும் "பாப்பா" என்றாள். நான் திருத்தப் போனேன். அண்ணன் தடுத்துவிட்டார்.

"விடு. கடையில ஊர்ப்பட்ட பேரு அண்ணாச்சின்னு கூப்பிடுறான். என்னைப் பாப்பான்னு கூப்பிட இவ ஒருத்திதான் இருக்கா."