டன்னுக்கு நாற்பத்து மூன்று யூனிட்

செப்டம்பர் 26, வியாழன்

இன்றைக்கும் ஐம்பத்திரண்டு. ஒரு டன் நெல்லைப் புழுக்கி, காயவைத்து, அரைத்து அரிசியாக்க ஐம்பத்திரண்டு யூனிட் கரண்ட். பூதலூரில் பெரிய ஆலை என்று போர்டு இருக்கிறது. இங்கே கரண்டைக் குடிப்பதிலும் பெரிய ஆலை இதுதான் போல.

முதலாளி தியாகராசன் சார் இன்று கூப்பிட்டார். "தீபாவளிக்குள்ள நாப்பத்து மூணு காட்டும்மா. காட்டிட்டா வேலை நிரந்தரம், கீழ்வேளூர் மில்லையும் உன் கையில குடுத்துடறேன். இல்லன்னா உன் பெட்டியெல்லாம் கழட்டிட்டுப் பழையபடி ஓட்டிக்கறோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம்.

கரண்ட் செலவைக் குறைக்கும் கருவிகளை மாட்ட ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவள் நான். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். இந்த வேலை போனால் எனக்கு மறுபடி ஸ்ரீபெரும்புதூர், மகளுக்கு மறுபடி ஹாஸ்டல். ஏழாம் வகுப்பு வந்த பிறகுதான் அவள் என்னோடு ஒரே வீட்டில் தூங்குகிறாள். விடமாட்டேன்.

அக்டோபர் 5, சனி

புதுக் கருவிகள் டிரையரில் ஏறிவிட்டன.

இதுவரை டிரையரை ஓட்டும் முருகையன் எந்த நெல் வந்தாலும் பதினொரு மணி நேரம் சுடுகாற்று ஊதும் ப்ளோயரைச் சுழலவிடுவார். ஈரமான நெல்லுக்கும் பதினொன்று, பாதி காய்ந்ததற்கும் பதினொன்று. இனிமேல் அந்தக் கதை இல்லை. நெல் கொட்டும் வாயருகே ஒரு சென்சார் வைத்திருக்கிறேன். பத்து ரூபாய்க் காசு அளவில் ஒரு கண்ணாடி, அதன் வழியாக நெல்லின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நெல் காயக் காய ப்ளோயர் வேகம் தானாகக் குறையும். பதின்மூன்று சதவீதம் வந்ததும் நின்றுவிடும். யாரும் தொட வேண்டாம்.

"அப்ப நான் எதுக்குங்க மேடம்?" என்றார் முருகையன்.

"பாத்துக்கறதுக்குண்ணே" என்றேன். பதில் எனக்கே சப்பென்று இருந்தது.

முதல் நாள் நாற்பத்தெட்டு. போதாது.

அக்டோபர் 9, புதன்

நாற்பத்தேழரை. என்னென்னவோ மாற்றிப் பார்த்தாகிவிட்டது. அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது சனியன்.

அக்டோபர் 11, வெள்ளி – ஆயுத பூஜை

ஆலை முழுக்கக் கழுவி, வாழைக்கன்று கட்டி, தவிடு வாசனைக்கு நடுவே சாம்பிராணி. முருகையன் சந்தனத் தட்டை என்னிடம் நீட்டினார். "புதுசெல்லாம் உங்களோடதுங்க மேடம். நீங்களே வைங்க." கோபமெல்லாம் போய்விட்டது போலிருந்தது, எனக்கும் சந்தோஷம். பேனல், ப்ளோயர், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துவிட்டு, இரும்பு ஏணியில் ஏறிச் சென்சாருக்கும் வைத்தேன். மெயினை அணைத்திருந்ததால் மேலே அரை இருட்டு. கையால் தடவிப் பார்த்து, கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். என் பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாதே.

பொரி, கடலை. எல்லோருக்கும் ஒரு சட்டைத்துணி. நாளைக்குத்தான் மறுபடி ஓட்டம்.

அக்டோபர் 14, திங்கள்

நாற்பத்திரண்டு!!

விஜயதசமியிலிருந்தே இறக்கம்தான். போன வாரம் மாற்றியதெல்லாம் இப்போதுதான் பிடித்திருக்கிறது. சாருக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். கைகூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. மகளுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன்.

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. குறுவை அறுத்தவர்கள் எல்லாம் நனைந்த நெல்லோடு வந்து நிற்கிறார்கள்.

மதியம் முருகையன் கை மீட்டரோடு வந்தார். "மேடம், டிரையர் நின்னுடுச்சு. நெல்லு காயல. இது பதினாறே முக்கால் காட்டுது."

அந்த மீட்டர் வாங்கி ஆறு வருஷம். ஒரு தடவைகூட யாரும் சரிபார்த்ததில்லை. அதைத்தான் சொன்னேன். "என் திரையில பதிமூணு இருக்குண்ணே. அந்த மீட்டரத் தூக்கிப் போடுங்க." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

 அவர் மீட்டரோடு திரும்பிப் போய்விட்டார்.

அக்டோபர் 17, வியாழன்

நாற்பத்தாறு! ஏன் என்று பதிவைப் பார்த்தால் மூன்று இடத்தில் 'கைமுறை'. டிரையர் தானாக நின்ற பிறகு முருகையன் கை சுவிட்சைப் போட்டு ஓட்டியிருக்கிறார். மூன்று தடவை. கேட்டால், "காயாத நெல்ல எப்படிங்க தொட்டிக்கு அனுப்புறது?"

ஆத்திரம் தாங்கவில்லை. தீபாவளிக்கு இரண்டே வாரம்! இந்த மனுஷனுக்கு நான் தோற்கணும், அவ்வளவுதானே? கை சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டேன். பதிவைச் சாருக்கு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

முருகையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் சார். நான் அப்படிக் கேட்கவில்லை.

வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நாற்பத்தொன்று. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

சைக்கிள் கொட்டகையில் முருகையனின் மழைக்கோட்டு இன்னும் தொங்குகிறது. பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். எனக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் சுவிட்சைப் போட்டு எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்? பதிவாகும் என்று அவருக்குத் தெரியுமே. நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.



அக்டோபர் 22, செவ்வாய்

எழுத்து கோணுகிறது.

காலையில் இரண்டாம் தொட்டியைத் திறந்தார்கள். காய்ந்த நெல்லை நாலைந்து நாள் ஆறவிட்டு அரைப்பது வழக்கம். மூடியை எடுத்ததும் குப்பென்று புளித்த வாடை. முழங்கைவரை உள்ளே விட்டேன் – கொதிக்கிறது. பதினெட்டு டன். ஒரு கைப்பிடி உமி நீக்கிப் பார்த்தால் அரிசி பழுப்பு.

ஏணியில் ஏறினேன். இந்த முறை டார்ச்சோடு.

கண்ணாடியில் பாதிக்கு மேல் சந்தனம். காய்ந்து, கெட்டித்து, நடுவில் குங்குமம். சென்சார் பத்து நாளாக நெல்லைச் சரியாகப் பார்க்கவே இல்லை. காய்ந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது காய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன்.' என் கையெழுத்துதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மீட்டர் கோணல் என்றேன்.

துடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

சார் வந்து தொட்டியைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. பிறகு அவரே காரணமும் சொன்னார். "அந்த முருகையன் கண்டபடி சுவிட்சப் போட்டு ஓட்டினான்ல, அதுல வந்த வினை." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை.

திரையில் இன்று நாற்பத்தேழு. துடைத்த கண்ணாடி சொல்லும் நிஜக் கணக்கு. மழை, ஈர நெல் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். சொன்னால் நம்புவார்கள். மகள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் பழகுகிறாள், ஜனவரியில். சொல்லாமல் இருந்தால் என்ன? யார் செத்துப்போவார்கள்?

சே. என்ன எழுதுகிறேன்!

அக்டோபர் 24, வியாழன்

முருகையன் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கரையோரம் ஓட்டு வீடு. அவர் மனைவி கமலாம்பாள் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கதவோரம் போய் நின்றுகொண்டார். முருகையன் யாருடைய வயலுக்கோ மோட்டார் கட்டப் போய்விட்டுச் சேற்றுக்காலோடு வந்தார்.

சந்தனத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது.

காலைக் கழுவிவிட்டு வந்து பேசினார். "பொட்டு வெச்சது தப்பில்லைங்க. யாரு வேணா வெப்பாங்க. மீட்டரக் கொண்டாந்து காட்டினனே, அன்னிக்கு என் மூஞ்சியக்கூட நீங்க நிமுந்து பாக்கல. அதுதான்."

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"இங்க எங்க ரெண்டு பேருக்கு முன்னாடி சொல்லி என்ன ஆகப்போவுது? என்னத் திருட்டுப்பய மாதிரி அனுப்பினது அங்க, எல்லாருக்கும் முன்னாடி."

அக்டோபர் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி, சுமை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரும் இருக்கும்போது. 'நெல் கெட்டதுக்கு நான்தான் காரணம். முருகையன் சுவிட்சைப் போட்டு ஓட்டிய மூன்று லோடுதான் உருப்படியாக இருக்கிறது, வேண்டுமானால் முதல் தொட்டியைத் திறந்து பாருங்கள். நாற்பத்திரண்டும் நாற்பத்தொன்றும் பொய். நிஜம் நாற்பத்தேழு.' 

முதல் தொட்டியைத் திறந்தார்கள். நெல் கலகலவென்று இருந்தது.

சார் சிரிக்கவில்லை. "ஏம்மா, நீயா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

கொஞ்ச நேரம் நெல்லையே அளைந்துகொண்டிருந்தார். "முருகையனுக்கு போனப் போடு. நானே பேசுறேன்."

என் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

முருகையன் திங்களன்றே வந்துவிட்டார். என்னிடம் எண்களை மட்டும்தான் பேசுகிறார். பதினாலு. பதிமூணரை. பதிமூணு.

பதினெட்டு டன்னும் கோழித்தீவனத்துக்குப் போனது. நிரந்தரம் இல்லை, கீழ்வேளூர் இல்லை. பெட்டிகளையும் கழற்றவில்லை. "பொங்கல் வரைக்கும் ஓட்டிப் பாரு" என்றார் சார். கை சுவிட்சின் பூட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், கையால் ஓட்டினால் காரணம் கேட்கும்படி திரையை மாற்றியிருக்கிறேன். இன்று ஒரு பதிவு: 'மழை நெல். மேல காஞ்சிருக்கு, உள்ள ஈரம்.' சரியாகத்தான் இருந்தது.

நாற்பத்தாறு. நிஜமான நாற்பத்தாறு. நாளைக்குத் தீபாவளி.

அடுத்த ஆண்டு, அக்டோபர் 1, புதன் – ஆயுத பூஜை

நோட்டைத் தேடி எடுத்தேன், இதை எழுதத்தான்.

மூன்று மாதமாக நாற்பத்து நான்கில் நிற்கிறது. நாற்பத்து மூன்றை இன்னும் தொடவில்லை. பொங்கலுக்குப் பிறகு தீபாவளி வரை என்று நீண்டிருக்கிறது என் ஒப்பந்தம். மகள் எட்டாம் வகுப்பு, இங்கேதான்.

பூஜை முடிந்து மெயினை அணைத்தார்கள். இந்த வருஷம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முருகையன் தட்டோடு தேடி வந்தார்.

"வாங்க மேடம், நீங்கதான் வெக்கணும்."

"வேணாம்ண்ணே. நீங்களே வைங்க."

"அட வாங்கன்னா."

டார்ச்சைப் பிடித்தபடி எனக்கு முன்னால் ஏணியில் ஏறினார். வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடியின் மேல் வாழை இலையைத் துண்டாகக் கிழித்து வைத்து, நூலால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"அது மேல வைங்க" என்றார். "எவ்வளவு வேணா வைங்க."

இலையின் மேல் வைத்தேன்.