அக்கா சுமக்கப்போகும் பால்குடம்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செவ்வாய் இரவு

அன்புள்ள உஷா சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்று பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் கிள்ளானுக்குத் திரும்பும் பிரவின் அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன்.

ஷாமினி அக்காவுக்குப் போன வாரம் நீர்க்கட்டி ஆபரேஷன் நடந்ததாக அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அம்மாவும் அதை நம்புகிறார். அது பொய் சித்தி. செராஸில் ஒரு கடை மாடியில், பெண்ணுறுப்பை அழகாக்குகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போய் வெட்டித் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மணப்பெண்களுக்குச் சலுகையாம். "பல்லுக்குக் கம்பி போடுற மாதிரிதான் லா, எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேரு பண்ணிட்டாங்க" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் சிவேந்திரன் அத்தான் கேட்டாரா என்றேன். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்குத்தான் என்னைப் பிடிக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது காய்ச்சல் விடவில்லை. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. துணிகளை நான்தான் ஒளித்து அலசுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "அங்க தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸி யாராச்சும் இருப்பாங்க, கல்யாணம் நின்னுடும்" என்கிறாள். செராஸ்காரர்கள் போனை எடுப்பதே இல்லை.

இதில் அம்மா வேறு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு அக்கா பால்குடம் எடுப்பாள் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். நாளை மறுநாள் தைப்பூசம். பத்துமலை ஆற்றில் குளித்து, ஈரப் புடவையோடு அத்தனை படியும் ஏற வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அக்காவும் தலையாட்டிவிட்டாள். அவள் நெற்றி கொதிப்பதைத் தொட்டுப் பார்த்த அம்மா, "விரதம் இருக்கிறவ உடம்பு அப்படித்தான் சுடும்" என்று விபூதி பூசினார்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொன்னால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டாலும் அதே பயம்தான்.

நீங்களும் மிஸ்ஸிதானே. நாளைக்கே வாருங்கள். எதையாவது சொல்லி அவளை உங்களோடு அழைத்துப் போய்விடுங்கள். திட்டாதீர்கள் சித்தி. உட்கார முடியாமல், இன்று காலை நின்றுகொண்டே எனக்குத் தலை பின்னிவிட்டாள். "நீயாவது எதையும் மாத்திக்காதடி" என்றாள்.

கதவைத் தட்டுகிறார்கள். அக்காதான். ஆனால் அவள் குரல் குழறுகிறது, என் பெயரைக்கூடச் சரியாகச்