டப்பாவில் வந்த மூளை வளர்ச்சி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், மீட்டிங் மீட்டிங் என்று வெட்டிவிடுகிறாய், அதனால் எழுதி உன் போனுக்கே அனுப்புகிறேன். அப்பா முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறுகிறார், சொன்னால் கேட்பதில்லை, உனக்கும் அந்தக் குணம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. உன் தங்கை வேலை மாற்றலாகி வீடு தேடுகிறாள். அதெல்லாம் கிடக்கட்டும். நேற்று அவள் பேசினாள், குரலே எழும்பவில்லை, கேட்டால் தினமும் ஏதோ பொடியைக் குடித்து வாந்தி எடுக்கிறாளாம். என்ன பொடி என்றேன். நீங்க சொன்னீங்கன்னுதானே அத்தை குடிக்கிறேன் என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைக்கு மூளை வளர, வளர்ச்சிக் காரணி கலந்த பொடி என்று நெட்டில் வாங்கி, அம்மா ஆயுசு முழுக்க இதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க, அவங்களே கொடுக்கச் சொன்னாங்க என்று சொல்லியிருக்கிறாய். போதாததற்கு டாக்டர் எழுதிய மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறாய், இரண்டும் சேரக் கூடாதாம்.

நான் எப்போதடா சொன்னேன்? போன தடவை வந்தபோது சாப்பாட்டு மேசையில், கோழிக்கருவின் இளம் மூளைச் செல்களில் அந்தக் காரணியைச் சொட்டுவிட்டால் மளமளவென்று பெருகும் என்றேன். அதோடு உனக்கு போன் வந்தது, எழுந்து போய்விட்டாய். அரைக் கிணறு தாண்டியவனே, மீதியை இப்போது கேள். விட்டுக்கொண்டே இருந்தால் அவை பெருகிக்கொண்டேதான் இருக்கும், நரம்புச் செல்லாக மாறாது. அளவு குறைந்தால்தான் பெருகுவதை விட்டுவிட்டு நரம்பாக மாறத் தொடங்கும். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதைக் கருவே பார்த்துக்கொள்ளும், அதற்கு உன் ஸ்பூன் தேவையில்லை. இதில் வேடிக்கை, அந்தக் காரணி ஒரு புரதம், வாயால் குடித்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். டப்பாவில் வேறு என்னத்தைக் கலந்திருக்கிறார்களோ என்பதுதான் என் பயம். இந்த ஆரம்ப மாதங்களில் பிள்ளையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வேண்டியது டாக்டர் கொடுத்த மாத்திரைதான், அதைப் போய் நிறுத்தினாயே.

குடிக்காதே என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அன்னைக்குக் குடிக்கச் சொன்னீங்க, இன்னைக்கு வேண்டாங்கிறீங்க, எதுக்கும் அவர்கிட்ட கேட்டுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். நான் என் வாயால் சொன்னால் எடுபடவில்லை, நான் சொன்னதாக நீ சொன்னால் எடுபடுகிறது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். இன்று ராத்திரி அவள் டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் வீட்டுக்குப் போ. டப்பாவை டாக்டரிடம் காட்டு, மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல். அம்மா மனசு மாறிவிட்டார்கள் என்று சமாளிக்காதே. அம்மா சொல்லவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல், அப்போதுதான் அவள் நிறுத்துவாள்.

இப்படிக்கு,
எதுவும் சொல்லாத உன் அம்மா