படகு தொடர்ந்த துண்டு

அம்மா,

காலேஜ் ப்ராஜெக்டுக்காக நான் செய்த ஆளில்லாக் குட்டிப் படகைச் சோதித்துப் பார்க்க வெண்ணாற்றுக்குப் போகிறேன். சோறு வடித்துவிட்டேன், ரசத்தை மட்டும் சுடவைத்துக்கொள். சாவி மாடத்தில்.

அப்பா கரையில் நடக்க நடக்க, அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை அதன் கேமராவுக்குக் காட்டித்தான் அந்தப் படகைத் தானாகத் தொடர்ந்து வரப் பழக்கினேன். "போனவங்க துணி வீட்ல இருக்கக் கூடாதுடி" என்று கருமாதியன்று அதை ஆற்றில் விட்டுவிட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றுக் கரையில் யாருமே இல்லை. படகு மட்டும் ஆள் நடக்கிற வேகத்தில் நம் கொல்லைப் படித்துறை வரை வந்து நின்றது.

ஜெயபாரதி

கொல்லைக் கொடியில் அப்பாவின் துண்டு சொட்டச் சொட்டக் கிடக்கிறது. என்னைத் திட்டாதே, நான் கொண்டுவரவில்லை. மறுபடி ஆற்றில் விட்டுவிடாதே.